அச்சத்தின் கலைஞர் ஹிட்ச்காக்

1899 ஆகஸ்ட் 13 அன்று லண்டனில் ஒரு காய்கறி வணிகரின் மகனாகப் பிறந்தார் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக். கத்தோலிக்கரான அவர், இயேசு சபைக் குருக்களின் பள்ளியில் பயின்றார். பேசாப் படங்களின் எழுத்து அட்டைகளை வரையும் பணியில் சேர்ந்து, பின்னர் இயக்குநராக உயர்ந்தார்.

1929இல் வெளியான ‘பிளாக்மெயில்’ படத்தில், தற்காப்புக்காக ஒருவனைக் கத்தியால் கொன்ற பெண்ணின் செவியில் பிறர் பேச்செல்லாம் மங்கி, கத்தி என்ற சொல் மட்டும் உரக்க ஒலிக்கும். ‘சஸ்பிஷன்’ (1941) படத்தில் கணவன் இருண்ட மாடிப்படியில் பால் கொண்டு வருவான். நஞ்சோ என நாம் ஐயுறும் அந்தப் பால் தனித்து ஒளிர, கோப்பைக்குள் சிறு விளக்கை வைத்தார். ‘தி பேர்ட்ஸ்’ (1963) படத்தில் பள்ளி வாசலில் அமர்ந்திருக்கும் பெண்ணின் பின்னே காக்கைகள் ஒவ்வொன்றாகக் கூடும். அவள் அறியுமுன் காமிரா அவற்றை நமக்குக் காட்டிவிடும். அங்கே அச்சமூட்டும் பின்னணி இசை இல்லை. பள்ளிக்குள் குழந்தைகள் பாடுவது மட்டுமே கேட்கும்.

அவளை எச்சரிக்க நம் உள்ளம் துடிக்கிறதே, அந்தப் பரிவே அவர் கலையின் உயிர். சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கார் ஒருமுறையும் கிட்டாத அவர், 1980 ஏப்ரல் 29 அன்று மறைந்தார். தோழியரே, பிறர் துன்பம் கண்டு பதறும் நெஞ்சம் இருக்கும்வரை அவர் படங்கள் வாழும்.