மாண்டிசோரி அம்மையார்: கூலிக்காரர் குழந்தைகளுக்காகப் பிறந்த பள்ளி

எலெக்ட்ரானிக் சிட்டியில் காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி வரத் தொடங்கும்போதே பள்ளி வேன்களும் வந்துவிடுகின்றன. கோணப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர், ஹெப்பகோடி, பொம்மசந்திரா என்று எந்தப் பக்கம் நடந்தாலும் மாண்டிசோரி என்று எழுதிய பெயர்ப்பலகை ஒன்றாவது கண்ணில் படும். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம், திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து பிழைக்க வந்த நம்மவர்களும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித் தங்கள் குழந்தைகளை அங்கே சேர்க்கிறார்கள்.

நான் ரயில்வேயில் குமாஸ்தா. சென்ற மாதம் டிக்கெட் வாங்க வந்த தர்மபுரிக்காரர் ஒருவர், மூன்றரை வயது மகளைப் பள்ளியில் சேர்க்கப் பணம் புரட்டுவதற்காக ஊருக்குப் போவதாகச் சொன்னார். மாண்டிசோரி என்றால் என்னவென்று தெரியுமா என்று கேட்டேன். ஏதோ வெள்ளைக்காரக் கம்பெனியின் பெயராக இருக்கும் என்றார். அது கம்பெனி அல்ல, ஒரு பெண்மணியின் பெயர். அவர் சென்னையிலும் கொடைக்கானலிலும் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர். தமது முதல் பள்ளியை அவர் திறந்தது பணக்காரர் குழந்தைகளுக்காக அல்ல, கூலிக்காரர் குழந்தைகளுக்காக. இதையெல்லாம் எடுத்துச் சொல்ல அந்த வரிசையில் நேரமில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

உத்தியோகஸ்தர் வீட்டுப் பெண்

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்டு 31 அன்று இத்தாலி நாட்டில் கியாரவாலே என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை அரசாங்க நிதித்துறையில் உத்தியோகஸ்தர். மாற்றல் உத்தரவு வந்தபோதெல்லாம் குடும்பம் மூட்டை கட்டியது. கடைசியில் ரோமாபுரிக்கு வந்து சேர்ந்தார்கள்.

பெண் என்றால் அதிகம் போனால் உபாத்தியாயினி ஆகலாம் என்றிருந்த காலம் அது. மரியாவோ பையன்கள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளியில் கணக்கும் விஞ்ஞானமும் படித்தார். பிறகு வைத்தியம் படிக்கப் போவதாகச் சொன்னபோது தந்தைக்குச் சம்மதமில்லை; தாய் மட்டும் பக்கபலமாக நின்றார். கல்லூரியில் ஆண் மாணவர்களோடு சேர்ந்து பிணத்தை அறுத்துப் பாடம் கற்க அவரை அனுமதிக்கவில்லை. மாலையில் எல்லோரும் போன பிறகு அந்த அறையில் தனியாக நின்று அவர் அந்த வேலையைச் செய்தார். 1896-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அன்று அந்நாட்டில் டாக்டர் பட்டம் பெற்ற பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ரொட்டித் துணுக்குகள்

டாக்டரான பிறகு மனநோய் மருத்துவப் பிரிவில் வேலை. அந்த வேலையாகப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளுக்குப் போய்ப் பார்ப்பார். மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளையும் அந்த நாளில் அங்கேதான் அடைத்து வைத்திருந்தார்கள். சாப்பிட்டு முடிந்ததும் அந்தக் குழந்தைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குகிறார்கள் என்று காவல்காரி முகத்தைச் சுளித்தாளாம். அம்மையார் சுற்றிலும் பார்த்தார். வெறும் சுவர்கள். கையால் எடுத்துப் பார்க்க, உருட்ட, தடவ அந்த அறையில் ஒரு பொருளும் கிடையாது. குழந்தைகளின் பசி வயிற்றில் இல்லை, கையில் இருக்கிறது என்று அவருக்குப் பட்டது.

இடார்ட், செகென் என்ற இரு பிரெஞ்சு வைத்தியர்கள் இத்தகைய குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தந்த முறைகளை அவர் ஊன்றிப் படித்தார். மரத்தாலான கட்டைகள், எழுத்துருவங்கள் முதலியவற்றைச் செய்து குழந்தைகளின் கையில் கொடுத்தார். ஒன்றுக்கும் உதவாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்த அந்தக் குழந்தைகளில் சிலர் எழுதப் படிக்கக் கற்றுச் சாதாரணப் பள்ளிப் பரீட்சையிலேயே தேறினார்கள். எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள். அவரை மட்டும் வேறொரு கேள்வி அரித்துக்கொண்டிருந்தது: இவர்களே இவ்வளவு முன்னேறும்போது, நல்ல மூளையுள்ள குழந்தைகளைப் பள்ளிகள் ஏன் இப்படிக் கட்டிப்போட்டு வைத்திருக்கின்றன?

அவருடைய சொந்த வாழ்வில் ஒரு துயரமும் இருந்தது. உடன் வேலை பார்த்த டாக்டர் ஒருவர் மூலம் 1898-ல் அவருக்கு மரியோ என்ற மகன் பிறந்தான். திருமணம் நடக்கவில்லை. ஊருக்குப் பயந்து குழந்தையைக் கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் விட்டு வளர்த்தார்கள். உலகக் குழந்தைகளுக்கெல்லாம் வழி கண்ட தாய், தன் மகனை வீட்டுக்கு அழைத்துக்கொள்ளச் சுமார் பதினைந்து ஆண்டுகள் ஆயின. அதன் பின்னும் வெகுகாலம் வெளியாரிடம் அவனை மகன் என்று சொல்ல முடியவில்லை.

ரயில் யார்டை ஒட்டிய குடியிருப்பு

ரோமாபுரியில் ரயில் யார்டை ஒட்டி சான் லொரென்ஸோ என்ற பகுதி இருக்கிறது. அந்த நாளில் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம் அது. ஒரு கட்டிடக் கம்பெனி அங்குள்ள வீடுகளைப் பழுது பார்த்துத் தொழிலாளர் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டது. தாயும் தந்தையும் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளி வயது வராத குழந்தைகள் மாடிப்படியிலும் முற்றத்திலும் ஓடி, சுவரெல்லாம் கிறுக்கி வைத்தார்கள். சுவருக்கு வெள்ளையடிக்கும் செலவைவிட, குழந்தைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் செலவு குறைவு என்று கம்பெனி கணக்குப் போட்டது. அதற்கு அம்மையாரை அழைத்தார்கள். 1907 ஜனவரி 6 அன்று சுமார் ஐம்பது குழந்தைகளுடன் குழந்தைகள் வீடு என்ற அந்தப் பள்ளி தொடங்கியது. பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்ட பெண் பயிற்சி பெற்ற ஆசிரியை அல்ல.

அங்கே அம்மையார் பாடம் நடத்தியதைவிடக் கவனித்துப் பார்த்ததே அதிகம். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, பல அளவு மர உருளைகளை அவையவை பொருந்தும் குழிகளில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். சுற்றியிருந்தவர்களைப் பாடச் சொல்லியும், அவளை நாற்காலியோடு தூக்கி மேஜைமேல் வைத்தும் பார்த்தார் அம்மையார். சிறுமி நிமிரவில்லை. நாற்பது தடவைக்கு மேல் அதையே செய்துவிட்டு, தூங்கி எழுந்தவள் போல் மலர்ந்த முகத்துடன் நிறுத்தினாள். குழந்தைக்கு நிலையான கவனம் கிடையாது என்ற எண்ணம் அன்றோடு அம்மையாரை விட்டுப் போயிற்று.

ஒரு நாள் ஆசிரியை அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டார். வந்து பார்த்தால் குழந்தைகள் தாங்களே வேண்டிய சாமானை எடுத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். அதைத் திருட்டாக அம்மையார் நினைக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது எது என்று அவர்களுக்கே தெரிகிறது என்று கண்டார். அன்று முதல் பூட்டிய அலமாரி போய், குழந்தையின் கைக்கு எட்டும் திறந்த அலமாரி வந்தது.

உப்புத்தாளில் வெட்டிய எழுத்துக்களைக் குழந்தைகள் விரலால் தடவி, அதன் ஒலியைச் சொல்வார்கள். சில மாதங்களில், நான்கைந்து வயதுக் குழந்தைகள் ஒருநாள் சாக்குக்கட்டி எடுத்துத் தாமாகவே சொற்களை எழுதத் தொடங்கினார்கள். முதலில் கை கற்றது, பிறகுதான் புத்தி அதை எடுத்துக்கொண்டது. பத்து மணி கோத்த கம்பி பத்து. அத்தகைய பத்துக் கம்பி சேர்ந்த சதுரம் நூறு. பத்துச் சதுரம் அடுக்கிய கட்டி ஆயிரம். ஆயிரம் எவ்வளவு பெரியது என்பதை அந்தக் குழந்தை கையில் தூக்கிப் பார்த்தே அறிந்தது.

1909-ல் அவர் எழுதிய நூல் பல மொழிகளில் வெளியாயிற்று. அமெரிக்காவுக்கும் அவர் புகழ் பரவியது. இத்தாலியில் முஸோலினி முதலில் அவருடைய பள்ளிகளை ஆதரித்தார். அம்மையாரும் அந்த ஆதரவை ஏற்றார். பிறகு குழந்தைகளைச் சிப்பாய்களாக்கப் பார்க்கும் ஆட்சியோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. 1934-ல் நாட்டை விட்டு வெளியேறினார். ஸ்பெயினில் தங்கினால் அங்கே 1936-ல் உள்நாட்டுப் போர். அங்கிருந்தும் புறப்பட்டு ஹாலந்தில் தஞ்சம் புகுந்தார். பிழைப்புக்காக ஊர் மாறிய நமக்கு இந்த அலைச்சல் புரியாததல்ல.

அடையாறும் கொடைக்கானலும்

1939 நவம்பரில், அறுபத்தொன்பதாவது வயதில், மகன் மரியோவுடன் அம்மையார் சென்னைக்கு வந்தார். பிரும்மஞான சபைத் தலைவர் அருண்டேலும் அவர் மனைவி, கலாக்ஷேத்திரம் கண்ட ருக்மிணி தேவியும் அழைத்திருந்தார்கள். அடையாறில் ஓலைக் கொட்டகைகள் எழுந்தன. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் சுமார் முந்நூறு பேர் பயிற்சிக்கு வந்தார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் சொல்வார்.

சில மாதங்கள் இருந்துவிட்டுத் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. இந்தியாவை ஆண்ட பிரிட்டிஷ் அரசுக்கு இத்தாலியர் எல்லோரும் எதிரி நாட்டார் ஆனார்கள். மரியோவை அழைத்துக்கொண்டு போய்க் காவல் முகாமில் வைத்தார்கள். வயதான தாய் அடையாறை விட்டு வெளியே போகக்கூடாது என்று கட்டுப்பாடு. அந்த ஆகஸ்டு 31 அவருக்கு எழுபதாவது பிறந்த நாள். அன்று வைஸ்ராயின் உத்தரவுப்படி மரியோ விடுதலையானார். அந்தத் தந்தியில் மரியோவை அவருடைய மகன் என்றே குறிப்பிட்டிருந்தார்களாம். நாற்பது ஆண்டுகள் வாய்விட்டுச் சொல்ல முடியாத உறவுக்கு அரசாங்கமே அத்தாட்சி கொடுத்தது போலாயிற்று.

போர்க்காலத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அம்மையார் கொடைக்கானலில் தங்கினார். அங்கு ஒரு சிறு பள்ளி நடந்தது. பல வயதுக் குழந்தைகளும் ஒன்றாக இருந்தார்கள். மலையில் கிடைத்த இலை, பூ, கல், பூச்சி எல்லாம் பாடமாயின. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான அவருடைய முறை பெரிதும் உருப்பெற்றது அந்த மலையில்தான். அகமதாபாத்திலும் இலங்கையிலும்கூடப் பயிற்சி நடத்தினார். இந்தியாவில் இருந்த காலத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களைப் பயிற்றுவித்ததாகக் கணக்கு. 1946-ல் ஐரோப்பா திரும்பினார். மறு ஆண்டே மீண்டும் வந்து 1949 வரை வந்து போய் இருந்தார். குழந்தையின் மனம் பற்றிய அவரது புகழ்பெற்ற நூல் அந்த 1949-ல் அடையாறிலேயே அச்சாயிற்று. 1952 மே 6 அன்று ஹாலந்தில் கடலோர ஊர் ஒன்றில் காலமானார். அவரை விரட்டிய இத்தாலியே பின்னாளில் ஆயிரம் லிரா நோட்டில் அவர் படத்தை அச்சடித்தது.

பெயரும் பொருளும்

மாண்டிசோரி என்ற பெயரை இன்று யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். நல்ல முறையில் நடத்தும் பள்ளிகளும் உண்டு. பலகையோடு நின்றுவிடும் பள்ளிகளும் உண்டு. பணம் கட்டுவதற்கு முன் உள்ளே போய்ப் பாருங்கள். சாமான் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறதா, கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு இருக்கிறதா? மூன்று வயதும் ஐந்து வயதும் கலந்து இருக்கிறார்களா? ஆசிரியை இந்த முறையில் பயிற்சி பெற்றவரா? மூன்று வயதுக் குழந்தைக்குப் பக்கம் பக்கமாக எழுதி வரும்படி வீட்டுப் பாடம் கொடுத்தால், அம்மையார் அந்தப் பள்ளியின் வாசலோடு நின்றுவிட்டார் என்று தெரிந்துகொள்ளலாம்.

கட்ட வசதியில்லை என்றால் மனம் தளர வேண்டாம். கையால் செய்து கற்பது அரசுப் பள்ளிகளுக்கும் வந்திருக்கிறது. கர்நாடகத்தில் 1995-ல் மைசூர் ஜில்லா ஹெக்கடதேவன கோட்டைப் பகுதியில் நலி-கலி என்ற ஆடிப்பாடிக் கற்கும் முறை தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவியது. தமிழ்நாட்டில் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. அட்டைகளையும் மணிகளையும் வைத்துக்கொண்டு பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து கற்றார்கள். இவை அம்மையாரின் முறையே அல்ல. ஆனால் பாதை அதுதான்.

வீட்டிலும் செய்யலாம். பழைய டப்பாக்களையும் மூடிகளையும் கலந்து வைத்துப் பொருத்தச் சொல்லுங்கள். அவரையையும் மொச்சையையும் கலந்து பிரிக்கச் சொல்லுங்கள். சின்னக் குழந்தை மூக்கிலோ வாயிலோ போட்டுக்கொள்ளாமல் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் உப்புத்தாள் வாங்கி, அ, ஆ என்று வெட்டி அட்டையில் ஒட்டி விரலால் தடவ விடுங்கள். புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் கூட்டி நூறு காட்டுங்கள். ஊரிலிருந்து வரும்போது பாட்டியின் பல்லாங்குழியைக் கொண்டு வாருங்கள். குழந்தை ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தால் தடுக்காதீர்கள்.

ரயில் யார்டின் ஓரத்தில், வேலைக்குப் போன தாய் தந்தையருக்காகக் காத்திருந்த குழந்தைகளின் கையிலிருந்துதான் இந்தக் கல்வி பிறந்தது. அது இன்று நம் குழந்தைக்குக் கிடைக்காத உயரத்தில் இருப்பதாக நாமே எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை. அந்தத் தர்மபுரிக்காரர் இந்தப் பத்திரிகையைப் படிப்பவரானால், இது அவர் கண்ணில் பட வேண்டும் என்பதே என் ஆசை.