இரட்டைக் கொம்பு தந்த முனிவர்

(மாணவி, பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு)

எங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு அறையைத் தாண்டித்தான் நாங்கள் நூலகத்திற்குச் செல்ல வேண்டும். அந்த அறையைக் கடக்கும்போதெல்லாம் என் கால்கள் சற்றே தயங்கும். உள்ளே ஒருபுறம் சின்னஞ்சிறு குரல்கள் ஒன்றாகச் சேர்ந்து எழுத்துக்களை ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கும். மற்றொருபுறம் தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக நூலால் கட்டி எண்ணிக்கொண்டிருப்பார்கள். மருந்து வைக்காத வெறுங்குச்சிகள்தாம், பயப்பட வேண்டாம்! தீப்பெட்டிக்குப் பேர்போன கோவில்பட்டியில் கணக்குப் போடக் குச்சிக்கா பஞ்சம்? கரும்பலகையில் டீச்சர் வரிசையாக எழுதிப்போட்டிருப்பார்: கெ, கே, செ, சே, தெ, தே. அந்த வரிசைக்கு முன்னால்தான் என் தங்கை சென்ற ஐப்பசி மாதத்தில் அழுதுகொண்டு நின்றாள்.

நடந்தது இதுதான். சொல்வது எழுதுதலில் 'சேவல்' என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் 'செவல்' என்று எழுதிவிட்டாள். பக்கத்திலிருந்த பெண் அதை உரக்கப் படிக்க, வகுப்பே சிரித்துவிட்டது. மறுநாள் காலையில் அவளுக்கு வயிற்றுவலி. அடுத்த நாளும் வயிற்றுவலி. மருந்து எதுவும் வேண்டாம், பள்ளிக்கூடம் போகாமலிருந்தால் போதும் என்னும் வயிற்றுவலி! எங்கள் ஆச்சி மட்டும் அது ஒன்றும் பிழையில்லை என்று வாதாடினார்கள். கரிசல் காட்டுக்கு அந்தப் பக்கம் நமக்கு ஒரு துண்டு செவக்காடு இருக்கிறது, செவல் என்றால் செம்மண் நிலம், பிள்ளை சரியாகத்தானே எழுதியிருக்கிறாள் என்பது அவர்கள் கட்சி. ஆனால் செவல் கூவாது, சேவல்தான் கூவும். ஒரு சிறு சுழியில் நிலம் பறவையாகிவிடுகிறது.

அந்தச் சுழியை நமக்கு ஏற்படுத்தித் தந்த பெரியவரின் வரலாற்றைத்தான் இங்கே எழுத விழைகின்றேன். அவர் நம் பகுதிக்கு அந்நியர் அல்லர். கோவில்பட்டியை அடுத்த காமநாயக்கன்பட்டியில் சில காலம் தங்கிப் பணி புரிந்தவர். அவர்தாம் வீரமாமுனிவர்.

இத்தாலி நாட்டில் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கான்ஸ்டான்சோ ஜோசப் பெஸ்கி. 1698இல் இயேசு சபையில் சேர்ந்தார். இத்தாலி மொழியோடு இலத்தீன் முதலிய பல மொழிகளையும் கற்றுத் தேர்ந்தார். 1710ஆம் ஆண்டு கப்பலில் கோவா வந்து இறங்கி, பின்னர் அங்கிருந்து தெற்கே மதுரை மிஷன் பகுதிக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது ஆகியிருந்தது. குருப்பட்டம் பெற்றவர், நிறையப் படித்தவர், பெரிய சபைகளில் பேசக்கூடியவர். ஆனாலும் தமிழ் மண்ணில் கால் வைத்த அன்று அவருக்கு 'அ' தெரியாது. எங்கள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது கூட அவருக்குத் தெரியாது! முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்தைச் சற்றே நினைத்துப் பார்ப்போம். கட்டடம் கிடையாது. ஆசிரியர் வீட்டுத் திண்ணையே வகுப்பறை. விடியும் முன்பே பிள்ளைகள் வந்து அமர்வார்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளை தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுத்தை எழுதும். எழுதும்போதே வாயால் உரக்கச் சொல்லும். பெரிய மாணவனான சட்டாம்பிள்ளை சிறியவர்களுக்கு முறை சொல்லிக் கொடுப்பான். மணலில் கை தேர்ந்த பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். வீரமாமுனிவர் காலத்திற்குப் பின்பும் வெகுகாலம் இந்த முறை தொடர்ந்தது. 1790ஆம் ஆண்டு வாக்கில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளி ஒன்றை நடத்திவந்த டாக்டர் ஆண்ட்ரூ பெல் என்பவர், நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு வியந்து அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் வழக்கத்தையும் வைத்து அவர் வகுத்த முறை இங்கிலாந்துக்குச் சென்று 'மதராஸ் முறை' என்ற பெயரில் பரவியது. வெள்ளைக்காரரிடமிருந்துதான் நாம் படிக்கக் கற்றோம் என்று எண்ணுவோர் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

வீரமாமுனிவருக்கு இலக்கண இலக்கியம் கற்பித்த ஆசிரியர் சுப்பிரதீபக் கவிராயர் என்பர். முனிவர் காவியுடை அணிந்தார். நம் நாட்டுத் துறவிகளைப் போலவே உண்டு வாழ்ந்தார். தைரியநாதர் என்பது அவர் முதலில் கொண்ட தமிழ்ப்பெயர். தொடக்க ஆண்டுகளிலேயே அவர் நம் கரிசல் சீமைக்கு வந்து காமநாயக்கன்பட்டியிலும் கயத்தாற்றிலும் உழைத்தார். வெயிற்காலத்தில் கால் நுழையுமளவு வெடித்துக் கிடக்கும் நிலம் இது; மழை பெய்தாலோ செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். அவர் காலத்தில் பஸ் ஏது? இந்த மண்ணில் நடந்தும் குதிரையிலுமே ஊர் ஊராகச் செல்ல வேண்டியிருந்தது. எதிர்ப்புக்கும் குறைவில்லை. 1714-15ஆம் ஆண்டுகளில் மரண தண்டனை வரை சென்று உயிர் தப்பினார். ஆகஸ்டு 15ஆம் நாள் பரலோக மாதா திருவிழாவுக்கு எங்கள் வீட்டார் ஆண்டுதோறும் காமநாயக்கன்பட்டி செல்வதுண்டு. கும்பிடு சேவைக் கூட்டத்தில் நிற்கும்போது, இந்த ஊரில் எங்கோ ஓரிடத்தில் அமர்ந்துதானே அவர் ஓலைச்சுவடியைக் கையில் வைத்துக்கொண்டு திணறியிருப்பார் என்று இவ்வாண்டு எனக்கு நினைவு வந்தது.

திணறுவதற்குக் காரணமும் இருந்தது. ஓலையில் எழுதுவோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எழுத்தாணியின் கூர்முனையால் அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும். பழைய இலக்கணப்படி எகரமும் ஒகரமும் குறிலாக இருந்தால் மேலே புள்ளி பெற வேண்டும், நெடிலாக இருந்தால் புள்ளி வேண்டாம். புள்ளியே வைக்காத சுவடியில் இந்த வேறுபாடு எப்படித் தெரியும்? எரி, ஏரி இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். கொடு என்றாலும் கோடு என்றாலும் ஒரே எழுத்து. தென், தேன் இரண்டும் அப்படியே. போதாக்குறைக்கு, ஆகாரத்திற்குப் போடும் காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடே தெரியாது.

பிறந்தது முதல் தமிழ் பேசியவர்களுக்கு இது பெரிய தொல்லையாக இருந்திராது. முன்பின் பார்த்து, இங்கே தேன்தான் பொருந்தும் என்று படித்துக்கொண்டு போய்விடுவார்கள். மேலும் பாட்டை வாயால் மனப்பாடம் செய்த பிறகு சுவடி வெறும் நினைவூட்டும் கருவிதான். அயல்நாட்டிலிருந்து வந்து, கண்ணால் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படிக்க வேண்டியவருக்கோ ஒவ்வொரு கொம்பும் ஒரு முட்டுக்கட்டை. ஆகவே தமிழறிஞர்கள் பலர் நூற்றாண்டுக்கணக்கில் சகித்துக்கொண்டிருந்த ஒரு குறை, தட்டுத் தடுமாறிக் கற்ற ஒருவர் கண்ணில் பட்டது இயல்பே என்று எனக்குத் தோன்றுகிறது. தடுக்கி விழுந்தவருக்குத்தானே கல் இருக்கும் இடம் தெரியும்!

அவர் செய்த மாற்றம் மிகவும் சிறியது. எகரத்தின் காலைக் கீழே நீட்டினால் ஏகாரம். ஒகரத்தின் முடிவைச் சுழித்தால் ஓகாரம். உயிர்மெய்யில் ஒற்றைக் கொம்பு குறிலுக்கு. அதன் தலையை மேலே சுழித்து இரட்டைக் கொம்பாக்கினால் நெடிலுக்கு. புதிய எழுத்து எதையும் அவர் கொண்டுவந்து திணிக்கவில்லை. இருந்த எழுத்திலேயே ஒரு நீட்டல், ஒரு சுழித்தல். இதனைத் தாம் எழுதிய இலக்கண நூல்களிலும் விளக்கினார். பின்னாளில் அச்சு பரவியபோது இம்முறையே நிலைபெற்றது. இன்று உலகில் எந்த மூலையில் தமிழ்ப்பிள்ளை எழுதினாலும், யாழ்ப்பாணத்திலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ, அந்தச் சுழியைத்தான் போடுகிறது.

கற்பவரின் கஷ்டத்தை அவர் வேறு இடங்களிலும் மறக்கவில்லை. அந்நாளில் ஒரு சொல்லுக்குப் பொருள் வேண்டுமென்றால் நிகண்டு தெரிந்திருக்க வேண்டும். நிகண்டு பாட்டாக இருக்கும். பாட்டு மனப்பாடமாக இருந்தால்தான் சொல் அகப்படும். அவருக்கு முன்பே அகர வரிசையில் சொற்களை அடுக்கச் சிலர் முயன்றதுண்டு. ஆயினும் 1732இல் அவர் தொகுத்த சதுரகராதியே பின்வந்த தமிழ் அகராதிகளுக்கெல்லாம் வழிகாட்டியாயிற்று. பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பிரிவுகள் கொண்டது அது. எங்கள் நூலக வேளையில் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் யார் முதலில் சொல்லைக் கண்டுபிடிப்பது என்று அகராதியைப் போட்டி போட்டுப் புரட்டுகிறார்கள். அந்த விளையாட்டுக்குப் பின்னாலும் அவர் நிற்கிறார்.

பேச்சுத் தமிழைக் கற்க விரும்பும் குருமாருக்காகக் கொடுந்தமிழ் இலக்கணத்தை இலத்தீன் மொழியில் எழுதினார். இதிலே ஒரு வேடிக்கை. சமயக் கருத்தில் அவர் கடுமையாக வாதாடியது தரங்கம்பாடியிலிருந்த லுத்தரன் சபையாருடன். ஆனால் அந்த இலக்கணத்தை 1738இல் அச்சிட்டவர்களும் அதே தரங்கம்பாடியார்தாம். சண்டை சண்டையாக இருக்கட்டும், இலக்கணம் நல்ல இலக்கணம் என்று நினைத்திருப்பார்கள் போலும்! செந்தமிழுக்குத் தொன்னூல் விளக்கம் எழுதினார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் ஆக்கினார். 1726இல் முடிந்த தேம்பாவணி, புனித சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்ட காப்பியம். 3615 பாடல்கள் உடையது. முப்பது வயதில் அகரம் தொடங்கியவர் நாற்பத்தாறு வயதிற்குள் காப்பியம் பாடிவிட்டார். இதை எழுதும்போது என் பத்தாண்டுத் தமிழ்ப் படிப்பை எண்ணி நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் சின்ன வகுப்புகளில் அவர் பெயரை நிலைநாட்டியிருப்பது தேம்பாவணி அன்று, பரமார்த்த குருவின் கதைதான். குருவும் அவருடைய ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடந்து அக்கரை சேருகிறார்கள். ஆறு பேரும் வந்துவிட்டோமா என்று எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான், ஐந்துதான் வருகிறது. ஒருவன் ஆற்றோடு போய்விட்டான் என்று எல்லாரும் கூடி அழுகிறார்கள்! தமிழ் கற்போர் சிரித்துக்கொண்டே படிக்கும்படி எளிய நடையில் எழுதிய கதை இது. 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் என்பவர் இதை இலண்டனில் அச்சிட்டு வெளியிட்டார். எங்கள் மூன்றாம் வகுப்பில் இதை நாடகமாக நடித்தபோது சீடனாக வந்த ஒரு பெண் உண்மையிலேயே தன்னை விட்டுவிட்டு எண்ணிவிட்டு, நாடகம் முடிந்தும் கணக்கு ஏன் உதைக்கிறது என்று விழித்துக்கொண்டிருந்தாள். அவள் இப்போது என்னுடன் பத்தாம் வகுப்பில் கணக்கில் முதல் மதிப்பெண் வாங்குகிறாள். பெயர் சொன்னால் சண்டைக்கு வருவாள்.

முனிவர் வெகுகாலம் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்தார். அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டுக் கலம்பகமும் பாடினார். தள்ளாத காலத்தில் கேரளத்தின் அம்பலக்காட்டில் தங்கி, 1747ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். பிறந்த இத்தாலிக்கு அவர் திரும்பவேயில்லை. 1968இல் சென்னையில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது கடற்கரையில் அவருக்குச் சிலை எடுத்தார்கள்.

எழுத்து மாறுவது அவரோடு முடிந்துவிடவில்லை. எங்கள் ஆச்சி இன்றும் வெண்டைக்காய், தலைவலி என்று எழுதினால் அந்த 'டை' மட்டும் நமக்குப் புரியும். 'லை' யானைத் துதிக்கை போல வளைந்து நிற்கும். அவ்வகை எழுத்துக்களை 1978இல்தான் தமிழக அரசு சீர்திருத்தியது. ஆச்சியின் மளிகைச் சீட்டைப் படிக்க நான் திணறுவதும், நான் எழுதிக் கொடுத்த 'லை'யை ஆச்சி கண்ணாடியைத் துடைத்துப் பார்ப்பதும் எங்கள் வீட்டில் வாடிக்கை.

வயிற்றுவலிக்காரிக்கு இந்த வரலாற்றை மூன்றாம் நாள் மாலையில் சொன்னேன். தேம்பாவணியையும் தொன்னூலையும் விட்டுவிட்டேன். கப்பலில் வந்த ஒரு பெரியவர் முப்பது வயதில் 'அ' எழுதப் பழகினார் என்பதும், அவருக்கும் இந்தக் கொம்பு குழம்பியது என்பதும் மட்டுமே அவளுக்குப் போதுமானதாக இருந்தன. நெடுநேரம் யோசித்துவிட்டு, அந்தத் தாத்தாவைப் பார்த்து வகுப்பில் யாராவது சிரித்தார்களா என்று கேட்டாள். சிரித்துத்தான் இருப்பார்கள் என்றேன். பிறகு சிலேட்டை எடுத்து வந்தாள். முதல் சேவலுக்குக் கொம்பு எழுத்தின் பின்பக்கம் போய்விட்டது. இரண்டாவதில் சுழி தலைகீழாக விழுந்தது. எச்சில் தொட்டு அழித்ததற்கு ஆச்சியிடம் ஒரு வசவு. நாலாவது தடவை சரியாக எழுதி, பக்கத்தில் ஒரு சேவலும் வரைந்தாள். அதன் கொண்டைக்கும் இரண்டு சுழி போட்டிருந்தாள்.