வீணை தனம்மாளும் அவர் தேர்ந்த பாடல்களும்

கடினமான பாட்டு எது என்று கேட்டால், வேகமான பாட்டே என்று நம்மில் பலர் விடை சொல்லுவோம். விரல்கள் கண்ணுக்குத் தெரியாமல் ஓடினால் கைதட்டுகிறோம். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவிலும் இந்த மயக்கம் இருந்தது. பிரான்ஸ் லிஸ்ட் பியானோவுக்கென எழுதிய கடும் பயிற்சிப் பாடல்களை வாசித்துக் காட்டுவது பெரும் வீரமாகக் கருதப்பட்டது. அதே நூற்றாண்டில் சென்னையில் பிறந்த ஒரு பெண்மணி, இதற்கு நேர்மாறான வழியில் கடினத்தைத் தேடினார். அவர்தாம் வீணை தனம்மாள்.

1867ஆம் ஆண்டு ஜார்ஜ் டவுனில் பிறந்த அவர் இசையிலேயே வளர்ந்தவர். பாட்டி காமாட்சி தஞ்சை அரசவையில் ஆடியவர்; தாய் சுந்தரம்மாள் பாடகி. சியாமா சாஸ்திரிகளின் மகன் சுப்பராய சாஸ்திரிகளின் வழிவந்த பாடல்கள் அக்குடும்பத்தில் இருந்தன. முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளைச் சாத்தனூர் பஞ்சநத ஐயரிடம் கற்றார் தனம்மாள். கண்பார்வையற்ற வாலாஜாபேட்டை பாலகிருஷ்ணதாசரிடம் அவர் கற்றவை க்ஷேத்ரக்ஞரின் தெலுங்குப் பதங்கள். இவ்வளவு செல்வத்தையும் வைத்துக்கொண்டு அவர் தம் மனத்துக்கு மிக நெருக்கமாகக் கொண்டது இந்தப் பதங்களைத்தான். நாயகி தன் காதலை, ஊடலை, ஏக்கத்தைத் தோழியிடமோ தலைவனிடமோ சொல்லும் பாடல்கள் அவை. நடையோ மிக மிக மெதுவானது.

மெதுவானது எளிதுதானே என்று நினைக்கலாம். இங்கே நம் இயற்பியல் வகுப்பை நினைவுகூர்வது நல்லது. மீட்டிய தந்தியின் ஒலி அந்தக் கணமே தேயத் தொடங்கிவிடுகிறது. பாட்டு மெதுவாகச் செல்லச் செல்ல, அடுத்த மீட்டுக்குள் ஒலி செத்துவிடும் ஆபத்து அதிகம். பியானோவில் ஒரு கட்டையைத் தட்டியபின் அந்தச் சுரத்தை வளைக்க வழியில்லை. வீணையில் உண்டு. 24 மெட்டுகளில் ஒன்றின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால், ஒரே மீட்டில் பல சுரங்கள் பிறக்கும். ஆனால் தேய்ந்துகொண்டிருக்கும் ஒலிக்குள்ளேயே அத்தனையும் நிகழ வேண்டும். நம் கடலில் அந்நாளைய முத்துக்குளிப்போர் ஒரு மூச்சுக்குள் சிப்பியை அள்ளிக்கொண்டு மேலே வரவேண்டியிருந்ததைப் போன்றது அது.

தனம்மாள் மீட்டுக்கோலும் நெளியும் இன்றி விரல் நகத்தாலேயே மீட்டினார்; கூடவே மெல்லப் பாடவும் செய்தார். ஒலி இன்னும் மென்மையாயிற்று. பெரிய அரங்குக்கு அது ஏற்றதன்று. ஆகவே தம் வீட்டிலேயே வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தார். தேர்ந்த வித்துவான்கள் வந்து, இருமலையும் அடக்கிக்கொண்டு அமர்ந்திருப்பார்களாம்! தம் கைக்கும் தம் வீணைக்கும் எது பொருந்தும் என்று இவ்வளவு துல்லியமாக அறிந்தவர் அரியர். நம் ஊர் வரகவி காசிம் புலவரும், எளிய யாப்புகள் பல இருக்க, அருணகிரிநாதரின் சந்தத்தை மேற்கொண்டல்லவா நபிகள் நாயகத்தின் மீது திருப்புகழ் பாடினார்!

இத்தேர்வுக்குத் தனம்மாள் கொடுத்த விலை சிறிதன்று. 1890களில் சென்னையில் சதிராட்டத்துக்கு எதிரான இயக்கம் மூண்டது. சிருங்காரப் பதங்களும் அவற்றைக் காத்துவந்த குலத்துப் பெண்களும் ஒருசேர இழிவாகப் பேசப்பட்டனர். பக்திக் கிருதிகளை மட்டும் வாசித்திருந்தால் அவருக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். அவர் பதங்களைக் கைவிடவில்லை. முதுமையில் வறுமையும் வந்தது, கண்பார்வையும் போயிற்று.

1930களில் அவர் வாசிப்பைச் சில இசைத்தட்டுகளில் பதிவு செய்தார்கள். தட்டின் ஒரு பக்கத்துக்குக் கிடைத்ததோ ஏறத்தாழ மூன்று நிமிடம்! ஒரு பதம் நன்றாக மூச்சுவிடக்கூடப் போதாத நேரம் அது. எனவே தட்டைக் காட்டிலும் பேத்திகளின் குரலே அவருடைய உண்மையான ஏடாயிற்று. 1938 அக்டோபரில் தனம்மாள் மறைந்தார். மகள் ஜயம்மாளின் புதல்வி பாலசரஸ்வதி அந்தப் பதங்களுக்கு அபிநயம் பிடித்து உலகெங்கும் ஆடினார். 1973இல் சங்கீத கலாநிதி ஆனார். மற்றொரு மகள் காமாட்சியின் பெண்களான பிருந்தாவும் முக்தாவும் அவற்றைப் பாட்டியின் நடை குலையாமல் பாடினர். 1976இல் பிருந்தாவுக்கும் அவ்விருது கிடைத்தது. இராமநாதபுரம் கிருஷ்ணன் போன்ற பெயர்பெற்ற பாடகர்களும் பதம் கற்றுக்கொள்ளப் பிருந்தாவிடம் வந்து அமர்ந்தார்கள்.