ஜாக் கூம்ஸ்: வீரரும் ஆசிரியரும்

விளையாட்டு வீரனின் புகழ் அவன் உடல்வலிமை உள்ளவரைதான் என்பர். அவ்வலிமை இடைவழியில் பறிபோன பின்னும் நாற்பதாண்டுக் காலம் பயனுற வாழ்ந்து காட்டியவர் அமெரிக்கப் பேஸ்பால் வீரர் ஜாக் கூம்ஸ்.

1882ஆம் ஆண்டில் அயோவா மாநிலத்தில் பிறந்த கூம்ஸ், மெயின் மாநிலத்தில் வளர்ந்து, அங்குள்ள கோல்பி கல்லூரியில் வேதியியல் பயின்றார். 1906இல் பட்டம் பெற்ற கையோடு, கானி மேக் நடத்திய பிலடெல்பியா அணியில் பந்து வீச்சாளராகச் சேர்ந்தார். அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் பாஸ்டன் நகரில் நடந்த ஆட்டம் அவரை நாடறியச் செய்தது. ஒன்பது இன்னிங்ஸில் முடியவேண்டிய ஆட்டம் இருபத்து நான்கு வரை நீண்டது. அத்தனையிலும் கூம்ஸ் ஒருவரே பந்து வீசி அணியை வெற்றிபெறச் செய்தார். எதிரணியின் ஜோ ஹாரிஸும் அவ்வாறே இறுதிவரை வீசித் தோற்றார் என்பதையும் இங்கே நினைவுகூர்தல் தகும்.

1910ஆம் ஆண்டு அவரது வாழ்வின் உச்சம். அப்பருவத்தில் 31 ஆட்டங்களில் வென்றார். அவற்றுள் 13இல் எதிரணிக்கு ஓர் ஓட்டமும் தரவில்லை. தொடர்ந்து நடந்த உலகத் தொடரில், சிகாகோ அணிக்கு எதிராக ஆறே நாட்களில் மூன்று வெற்றிகளை ஈட்டினார்.

1913இல் டைபாய்டு காய்ச்சல் அவரைப் பற்றியது. நோய் முதுகெலும்பிலும் பரவிற்று. ஏறத்தாழ இரண்டாண்டுகள் களம் காண இயலவில்லை. பிலடெல்பியா அணி அவரை விடுவித்தது. எனினும் அவர் துவளவில்லை. 1915இல் புரூக்ளின் அணியில் சேர்ந்து 15 ஆட்டங்களில் வென்றார். மறுஆண்டின் உலகத் தொடரில் புரூக்ளின் பெற்ற ஒரே வெற்றியும் அவர் வீச்சில் கிடைத்ததே. உலகத் தொடர்களில் தோல்வியே காணாதவர் என்ற பெருமையும் அவருக்கு நிலைத்தது.

1919இல் பிலடெல்பியாவின் மற்றோர் அணியான பில்லீஸின் பொறுப்பை ஏற்றார். அது கைகூடவில்லை, பருவம் முடியுமுன்னரே விலக நேர்ந்தது. தொழில்முறை அணியில் கிட்டாத நிறைவு கல்லூரித் திடலில் கிட்டியது. வில்லியம்ஸ், பிரின்ஸ்டன் ஆகிய இடங்களில் பயிற்றுவித்தபின், வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 1929 முதல் 1952 வரை பணியாற்றினார். தம் அனுபவத்தை முறைப்படுத்தி, 1938இல் பேஸ்பால் பற்றிய பாடநூலொன்றையும் வெளியிட்டார். அவரிடம் பயின்ற டிக் குரோட், 1960இல் நேஷனல் லீகின் தலைசிறந்த வீரராகத் தேர்வுபெற்றார். ஆசிரியர் அதனைக் காண இருக்கவில்லை. 1957இல் டெக்சாஸ் மாநிலத்தில் காலமாகிவிட்டார்.

கூம்ஸ் களத்தில் வீசியது பத்தாண்டுகளுக்குச் சற்று மேல். டியூக்கில் கற்பித்தது இருபத்து நான்கு ஆண்டுகள். அங்குள்ள ஆடுகளம் இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.