உலகத் திருச்சபைகளிடம் நட்பு கேட்ட தமிழர்: யார் இந்த வேதநாயகம் அசரியா?

ஜார்ஜ் டவுனில் லெபோ ஃபார்குவார் பக்கம் போயிருந்தால், வெள்ளைத் தூண்களோடு நிற்கும் செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கைதிகளின் உழைப்பில் எழுந்த கட்டடம் அது. 1818-ல் வேலை முடிந்தது.

1819-ல் அதைப் பிரதிஷ்டை செய்ய வந்தவர் கல்கத்தா பேராயர் தாமஸ் மிடில்டன். பினாங்கு தேவாலயத்துக்கு ஏன் கல்கத்தாவிலிருந்து ஆள் வரணும்? அப்போது பினாங்கு கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் இருந்தது. இங்கிருந்த ஆங்கிலிக்கன் சபைக்கும் கல்கத்தாதான் தலைமை.

அந்தப் பேராயர் ஓர் ஆங்கிலேயர். அதன்பிறகு 93 ஆண்டுகள் கழித்துத்தான் இந்தியர் ஒருவர் ஆங்கிலிக்கன் பேராயர் ஆக முடிந்தது. அவர் ஒரு தமிழர். நாடு விட்டு நாடு சபைகள் எப்படிப் பழக வேண்டும் என்ற கேள்வியை உலக மேடையில் எழுப்பியவரும் அவர்தான்.

எங்கிருந்து வந்தார்?

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874 ஆகஸ்ட் 17 அன்று, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள வெள்ளாளன்விளையில் பிறந்தார். அப்பா தாமஸ் வேதநாயகம் அந்த ஊர் ஆங்கிலிக்கன் குருவானவர்.

சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார், ஆனால் பட்டம் வாங்கவில்லை. 1895-ல் ஒய்.எம்.சி.ஏ. அமைப்பில் செயலாளர் வேலைக்குச் சேர்ந்து, தென்னிந்தியா முழுக்கச் சுற்றினார். அந்தப் பயணங்களில் நெருங்கிய நண்பரானவர் அமெரிக்கரான ஷெர்வுட் எடி. ஒரு வெள்ளைக்காரரும் ஒரு தமிழரும் சமமாகப் பழக முடியும் என்பதை அசரியா முதலில் தன் வாழ்க்கையிலேயே பார்த்துவிட்டார்.

யாழ்ப்பாணத்தில் என்ன பார்த்தார்?

1902-ல் யாழ்ப்பாணம் போனார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசைப் போட்டு, கடல் தாண்டி ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். லண்டனிலிருந்து பணம் வரும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

நாம் ஏன் இதைச் செய்யவில்லை என்ற கேள்வியோடு ஊர் திரும்பினார். 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. 1905-ல் வங்காளத்தின் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் உருவானது. இரண்டிலும் அசரியா முன்னால் நின்றார். ஆளும் பணமும் நிர்வாகமும் இந்தியர்களுடையதாக இருக்க வேண்டும் என்பதுதான் அடிப்படை.

அடுத்து என்ன செய்தார் தெரியுமா? பாதுகாப்பான வேலையை விட்டுவிட்டு, 1909-ல் ஊழியத்துக்கு அபிஷேகம் பெற்று, நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல் என்ற ஊருக்குப் போனார். இன்று அது தெலங்கானாவில் இருக்கிறது. பேச்சு மொழி தெலுங்கு. தமிழரான அவர் அங்கே போய்ப் புது மொழி கற்றுக்கொண்டார்.

எடின்பரோவில் என்ன நடந்தது?

1910 ஜூனில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. 1,200-க்கும் மேற்பட்ட பிரதிநிதிகளில் ஆசியர்கள் ஏறக்குறைய இருபது பேர்தான். அவர்களில் ஒருவராக, 35 வயது அசரியா மேடையேறினார்.

நன்றி சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். அவர் அதோடு நிற்கவில்லை. மிஷனெரிகளின் தியாகத்தை மதித்துப் பேசினார். அதே பேச்சில், இந்திய ஊழியருக்கும் வெள்ளைக்கார மிஷனெரிக்கும் நடுவில் நிஜமான உறவு இல்லை என்பதையும் சொன்னார். ஒருவர் சம்பளம் கொடுப்பவர், இன்னொருவர் வாங்குபவர். ஒன்றாக வேலை செய்வார்கள், ஆனால் ஒரே மேசையில் சாப்பிடுவது அபூர்வம். ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போவதும் அபூர்வம். உங்கள் உதவியோடு உங்கள் நட்பும் எங்களுக்கு வேண்டும் என்பதுதான் அவர் வைத்த கோரிக்கையின் சாரம்.

அரங்கில் பலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் மாநாட்டில் பேசப்பட்ட எத்தனையோ உரைகளில், நூறு ஆண்டுகள் கழித்தும் திரும்பத் திரும்ப நினைவுகூரப்படுவது அதுதான்.

பேராயர் ஆவது சுலபமாக இருந்ததா?

இல்லை. சென்னை பேராயர் ஹென்றி ஒயிட்ஹெட் அசரியாவின் பெயரை முன்வைத்தபோது, ஐரோப்பியர்களிடமிருந்து மட்டுமல்ல, இந்தியக் கிறிஸ்தவர்களிடமிருந்தும் எதிர்ப்பு வந்தது. ஓர் இந்தியருக்குக் கீழ் வெள்ளைக்கார குருவானவர்கள் எப்படி வேலை செய்வார்கள் என்பது ஒரு பக்கத்தின் கவலை. சாதி இன்னொரு பக்கத்தில் குறுக்கே நின்றது.

ஆனாலும் 1912 டிசம்பர் 29 அன்று, கல்கத்தா செயின்ட் பால் பேராலயத்தில் அவர் தோர்ணக்கலின் முதல் பேராயராக அபிஷேகம் செய்யப்பட்டார். ஒரு காலத்தில் பினாங்குக்குப் பேராயரை அனுப்பிவைத்த அதே கல்கத்தாதான்.

தோர்ணக்கலில் அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் தீண்டாமையின் கீழ் வாடிய ஏழைகள். அங்கே அவர் எழுப்பிய பேராலயம் 1939-ல் திறக்கப்பட்டது. அதன் கட்டடக்கலையில் இந்து, இஸ்லாமிய மரபுகளின் சாயலைப் பார்க்கலாம்.

எல்லோரும் அவரை ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். கூட்டம் கூட்டமாக நடந்த மதமாற்றத்தை காந்தி கடுமையாக எதிர்த்தார். இந்த விஷயத்தில் இருவரும் ஒத்துப்போகவே இல்லை. அதே அசரியா, கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதி வேண்டாம் என்றும் சொன்னவர்.

அவருக்குப் பிறகு?

சபைப் பிரிவுகள் மேலைநாட்டுச் சண்டைகளின் மிச்சம், அதை இந்தியர்கள் ஏன் சுமக்கணும் என்பது அசரியாவின் இன்னொரு கவலை. 1919-ல் தரங்கம்பாடியில் இதற்காகக் கூடியவர்களில் அவர் முக்கியமானவர். அந்தப் பேச்சுவார்த்தை முடிய 28 ஆண்டுகள் ஆயின. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1945 ஜனவரி 1 அன்று காலமாகிவிட்டார்.

1963-ல் கனடாவின் டொரான்டோவில் கூடிய உலக ஆங்கிலிக்கன் மாநாடு, கொடுக்கும் சபை, வாங்கும் சபை என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் போக வேண்டும் என்றது. அதன்பிறகு தோழமைத் திருமண்டலங்கள் என்ற ஏற்பாடு பரவியது. இரண்டு நாடுகளின் திருமண்டலங்கள் கைகோர்த்து, ஒருவருக்காக ஒருவர் ஜெபித்து, ஒருவர் ஊருக்கு இன்னொருவர் போய்த் தங்கிப் பழகுவதுதான் அது. அசரியா 53 ஆண்டுகளுக்கு முன்பே கேட்டது இந்த மாதிரி உறவைத்தான்.

நம் ஊரிலும் நிலைமை மாறியது. 1970-ல் மேற்கு மலேசியா தனித் திருமண்டலம் ஆனது. 1973-ல் ஜான் சவரிமுத்து என்ற தமிழர் அதன் பேராயரானார். 1996-ல் தென்கிழக்காசியா தனி மாகாணமாகவே எழுந்தது.

சரி, உங்களுக்கு இதில் என்ன இருக்கு?

வெளிநாட்டுப் பள்ளியோடு மாணவர் பரிமாற்றம், அயல்நாட்டு அமைப்போடு கூட்டுத் திட்டம் என்று உங்கள் பள்ளியும் கல்லூரியும் சேர்ந்திருக்கலாம். அப்படி ஒன்று வந்தால் அசரியாவின் அளவுகோலை வைத்துப் பாருங்கள். முடிவெடுக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் இருக்கிறதா? அவர்கள் இங்கே வருவது போல நீங்களும் அங்கே போகிறீர்களா? புகைப்படம் எடுத்து முடிந்த பிறகு, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறீர்களா? 1910-ல் அவர் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான்.