ஊதியத்துக்கு எழுதிய நாவலர்

நாவலர் என்றவுடன் எம்மவர் மனக்கண்ணிலே தோன்றுவது, திருநீறும் உருத்திராக்கமும் அணிந்த சைவப் பிரசாரகரின் திருவுருவமே. அவர் இளமையில் ஏறத்தாழ ஏழாண்டு காலம் கிறிஸ்தவ மிஷனொன்றிலே ஊதியம் பெற்றுத் தொழில் புரிந்தவர் என்பதையும், கிறிஸ்தவ வேதாகமத்தைத் தமிழாக்கப் பெருந்துணை செய்தவர் என்பதையும் வகுப்பிலே நாம் கூறுங்கால், யாரேனும் ஒரு மாணவர் எழுந்து, இஃது எவ்வாறு பொருந்தும் என்று வினவாதிருப்பதில்லை. அவ்வினாவை முன்னிட்டே அன்னாரது சரித்திரத்தின் இப்பகுதியை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

நல்லூரிலே 1822ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 18ஆம் நாள், கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியம்மைக்கும் மைந்தராய்த் தோன்றியவர் ஆறுமுகம். நாவலர் என்னும் பட்டம் பின்னர் வந்தது. சரவணமுத்துப் புலவரிடத்தும் சேனாதிராச முதலியாரிடத்தும் தமிழ் கற்றார். ஆங்கிலத்தை வெஸ்லியன் மிஷனார் யாழ்ப்பாணத்தில் நடாத்திய பாடசாலையிலே கற்றார். பின்னாளில் மத்திய கல்லூரி என வழங்கலாயிற்று அப்பாடசாலை. அதன் தலைவர் பீற்றர் பேர்சிவல் பாதிரியார், மாணவரின் திறமை கண்டு, இருபது வயது நிரம்புமுன்னரே அவரை 1841ஆம் ஆண்டில் அங்கு ஆசிரியராக்கினார். தமக்குத் தமிழ்ப் பண்டிதராகவும் அமர்த்திக்கொண்டார்.

பேர்சிவல் தமிழை மேற்போக்காய் அறிந்தவரல்லர். எம்மவர் வாய்மொழியாய் வழங்கிய பழமொழிகளைத் திரட்டி 1842ஆம் ஆண்டிலே அச்சிட்டவர். வேதாகமத்தை நல்ல தமிழிலே பெயர்த்தல் வேண்டும் என்பது அவர் கொண்ட பெருநோக்கம். அதற்குத் தக்க தமிழறிவு, சிவபூசையும் திருமுறையும் விடாத ஓர் இளைஞரிடத்தே இருந்தது.

ஈண்டு சற்றே நின்று நோக்குவோம். தம் சமயத்தை வீழ்த்த வந்தவர் கைக்குத் தாமே வாளைத் தீட்டிக் கொடுத்தல் தகுமோ? வேண்டாவெறுப்பாய் இசைந்தவர் எவரும் செய்யக்கூடிய தந்திரமொன்று உண்டு. வேலையை ஏற்று, கூலியைப் பெற்று, சொல்லைச் சிறிதே தளரவிட்டுவிடலாம். பிழையென்று சுட்டமுடியாத, ஆனால் உயிரில்லாத தமிழை எழுதிக் கொடுத்துவிடலாம். ஆறுமுகம் அதனைச் செய்தாரல்லர். மொழிபெயர்ப்பு நிறைவேறியபின் பாதிரியார் அவரைச் சென்னபட்டணத்துக்கு அழைத்துச் சென்றதும், அங்கே மழவை மகாலிங்கையர் அத்தமிழைப் பரிசோதித்துப் பிழையற்றதெனப் பாராட்டியதும் நாவலர் சரித்திரங்களிலே காணப்படும். மகாலிங்கையர் இலக்கணத்தில் எளிதில் மனமிசைபவரல்லர். 1850ஆம் ஆண்டு வெளிவந்த அந்நூல் பேர்சிவலின் பெயரோடு சார்த்தியே வழங்கலாயிற்று.

நாமும் ஒருமுறை, எம் மனத்துக்கு ஒவ்வாத பிரமுகர் ஒருவருக்கு வாழ்த்துமடல் எழுதிப் பணம் பெற்றோம். வெண்பாக்களிற் தளை தட்டவில்லை. ஆயினும் இருந்த பழம் உவமைகளையே அடுக்கிக் கொடுத்துவிட்டு, மனச்சான்றுக்கு அதுவே சமாதானமெனக் கருதினோம். நாவலர் சரித்திரத்தை மீண்டும் படித்தபோதுதான், எம் கொள்கையையும் காவாது, பணந் தந்தவரையும் ஏமாற்றினோம் என்பது தெளிவாயிற்று. எழுதமாட்டோம் என்று முதலிலேயே கூறியிருக்கலாம்.

தொழிலில் வஞ்சனை இல்லை என்பதனால் உள்ளத்திலே போராட்டம் இல்லை என்று கொள்ளற்க. 1847ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 31ஆம் நாள் வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே ஆறுமுகம் தமது முதற் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். வெள்ளிதோறும் அது தொடர்ந்தது. நண்பர் கார்த்திகேயையரும் உடன் பேசினார். வாரநாட்களிலே மிஷன் பாடசாலை, வெள்ளியிரவிலே கோயில். மிஷனின் பணத்தை உண்டுகொண்டே மிஷனுக்கு எதிர் நின்றார் என இதனைக் குறை கூறுவோர் உளர். அக்குறையை முற்றாக மறுக்க நாம் முயலோம். ஆயினும், அவர் மறைவிலே பேசவில்லை. ஊரறியக் கோயிலிலே பேசினார். அவர் பூசிய திருநீறும் பாதிரியார் நாள்தோறுங் கண்டதே. இந்நிலை ஓராண்டும் நீடிக்கவில்லை. 1848ஆம் ஆண்டு செப்டெம்பரிலே அவர் வேலையைத் துறந்தார். ஒப்புக்கொண்ட மொழிபெயர்ப்பை நடுவிலே கைவிட்டு ஓடினார் என்னும் பழிக்கு அவர் ஆளாகவில்லை என்பதே எமக்குப் பெரிதாய்த் தோன்றுகின்றது.

அவ்வாண்டே வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலை தோன்றிற்று. நிரந்தர வேதனம் போயிற்று. ஊராரின் உபகாரமே துணை. 1849ஆம் ஆண்டு அச்சியந்திரம் வாங்கச் சென்ற பயணத்திலே, திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை வழங்கிற்று. இல்லறம் புகாது, பாலபாடம், பெரியபுராண வசனம் என நூல்களை ஒன்றன்பின் ஒன்றாய் வெளியிட்டார்.

இன்னுமொன்று. 1854ஆம் ஆண்டிலே நாவலர் வெளியிட்ட சைவதூஷண பரிகாரம் என்னும் நூலிலே, சைவரது கோயில் வழிபாட்டை இகழ்ந்தோருக்கு, அவர்தம் வேதாகமத்திலேயே ஆலயமும் பலியும் தூபமும் தீபமும் விதிக்கப்பட்டிருத்தலை எடுத்துக் காட்டினார். ஏழாண்டு காலம் ஒவ்வொரு வசனமாய் நிறுத்துப் பார்த்தவருக்கு இடந்தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. தொழிலாற் பெற்ற அறிவைத் தொழில் தந்தவருக்கெதிராய்ப் பயன்படுத்தலாமோ என்று கேட்பார்க்கு, வேதாகமம் மறைபொருளன்று, எவரும் படிக்கவென்றே மிஷனார் பரப்பிய நூல் என்பது எம் விடை.

பேர்சிவல் பின்னர் வெஸ்லியன் மிஷனை விட்டுச் சென்னபட்டணம் சேர்ந்து, தினவர்த்தமானி என்னும் தமிழ்ப் பத்திரிகையை நடாத்தினார்; மாகாணக் கல்லூரியிலே பேராசிரியராயும் இருந்தார். நாவலர் 1879ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 5ஆம் நாள் சிவபதமெய்தினார். மூன்றாண்டு கழித்து, 1882ஆம் ஆண்டிலே பாதிரியாரும் காலமானார்.