ஸ்பினோசா வரலாறு

மேனாட்டுத் தத்துவ நூலாருள் ஸ்பினோசா என்பார் கடவுளும் இயற்கையும் ஒரு பொருளே எனத் துணிந்தவர். பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளுண்மை கொண்ட நமக்கு அஃது உடன்பாடன்று. அதனை மறுக்குமிடம் இஃதன்று; தாம் மெய்யெனக் கண்டதைக் கைவிடாது நின்ற அவர் வாழ்க்கையையே ஈண்டு யாம் கூறப்புகுந்தாம்.

இவர் 1632-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 24-ஆம் நாள் ஆலந்து நாட்டு ஆம்ஸ்டர்டாம் நகரிற் பிறந்தார். பிள்ளைமைப் பெயர் பாரூக். முன்னோர் போர்த்துக்கல் நாட்டு யூதர். ஆண்டு நிகழ்ந்த சமயக் கொடுமைக்கு ஆற்றாது புலம்பெயர்ந்தோர். இளமையில் எபிரேய மறை பயின்ற இவர், 1654-இல் தந்தையார் இறந்தபின் குடும்ப வாணிகத்தையும் நடத்தினார்.

1656-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 27-ஆம் நாள் யூதர் அவையார் இவரைச் சமூகத்தினின்றும் விலக்கினர். அப்பொழுது இவர்க்கு ஆண்டு 23. நூல் ஒன்றேனும் வெளியிட்டிலர். கொடிய கொள்கையும் தீய செயலும் உடையரெனப் பொதுவிற் கூறினரேயன்றி, இன்னின்னவை என்று விலக்கோலையில் எடுத்தோதினாரல்லர். பெயர் கூறாத குற்றத்திற்கு ஒருவன் விடை கூறுவது எங்ஙனம்? இவரோடு பேசலாகாது, எழுத்துப் போக்குவரவு ஆகாது, ஒரு கூரையின்கீழ் உறைதலாகாது, நான்கு முழத்திற்குள் அணுகலாகாது, இவர் எழுதியதைப் படித்தலும் ஆகாது என்று விதித்தனர். சமயக் கொடுமைக்குத் தப்பிவந்தவர் வழியினரே இது செய்தனர். புகலளித்த நகரத்தார் தம்மை ஐயுறுவரென அஞ்சிச் செய்தனர் என்பாரும் உளர். இருக்கலாம், அச்சத்தாற் செய்த தீர்ப்பு நீதியாகாது.

இவர் கொள்கையை மாற்றிக் கூறி மன்னிப்பு வேண்டிற்றிலர். வேறொரு சமயத்திற் புகுந்து முன்னையோரைப் பழித்ததும் இல்லை. பாரூக் என்பதன் பொருளேயுடைய பெனடிக்டஸ் என்னும் இலத்தீன் பெயரை மேற்கொண்டார். கண்ணாடி தேய்த்து, தொலைநோக்கிக்கும் நுண்ணோக்கிக்கும் வேண்டும் வில்லைகள் செய்யும் தொழிலில் வல்லவராயினார். ரைன்ஸ்பர்க், வூர்பர்க், ஹேக் என்னும் ஊர்களில் எளிய அறைகளில் உறைந்தார். ஆண்டுக்கு 500 கில்டர் அளிக்க ஒருவர் முன்வந்தபோது 300 போதுமென்று குறைத்துக்கொண்டனர் என வரலாறு எழுதியோர் கூறுவர்.

எண்ணுவதற்கும் எண்ணியதைக் கூறுவதற்கும் உரிமை அளித்தலால் பத்திக்கும் நாட்டமைதிக்கும் கேடில்லை என்பதை நாட்டி இவரெழுதிய நூல் 1670-இல் ஆசிரியர் பெயரின்றி, அச்சிட்ட ஊரும் ஹாம்பர்க் எனப் பொய்யாகக் குறிக்கப்பெற்று வெளிவந்தது. 1674-இல் அது தடைசெய்யப்பட்டது.

அத்தடைக்கு முந்திய ஆண்டில் நிகழ்ந்தது நாம் கருதற்பாலது. பலாட்டினேட் நாட்டரசர் கார்ல் லுத்விக், ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் தத்துவ ஆசிரியராக வருமாறு 1673-இல் இவரை அழைப்பித்தனர். ஆராய்ச்சிக்கு முழு உரிமை உண்டென்றும், நாட்டில் நிலைபெற்ற சமயத்தைக் குலைக்க அதனைப் பயன்படுத்தாரென நம்புவதாகவும் ஓலையிற் கண்டிருந்தது. வில்லை தேய்ப்பார்க்கு இஃது எத்துணைப் பேறு! சில கிழமை ஆராய்ந்து பணிவுடன் மறுத்தார். மாணாக்கர்க்குக் கற்பிப்பின் தம் ஆராய்ச்சி தடைப்படும் என்பது ஒரு காரணம். சமயத்தைக் குலைத்தவராகத் தோன்றாமைக்கு அவ்வுரிமை எவ்வெல்லையில் நிற்றல் வேண்டும் என்பது தமக்கு விளங்கவில்லை என்பது மற்றொன்று. எல்லை கூறாது அளித்த உரிமையை எவரும் எப்பொழுதும் மீட்டுக்கொள்ளலாமன்றோ? பெயர் கூறாக் குற்றத்தால் இளமையில் விலக்குண்டவர் இதனை நன்கறிவார். இம்மறுப்பைக் கோழைமை என்பார் கூற்று எமக்கு ஒவ்வாது.

பல்லாண்டு உழைத்தியற்றிய ‘எதிக்ஸ்’ என்னும் நூலை 1675-இல் அச்சிடுவிக்க ஆம்ஸ்டர்டாம் சென்றார். கடவுள் இல்லையென நாட்டும் நூலொன்று வருகின்றது என்ற வதந்தி முன்னரே பரவியிருந்தது. நூலைத் திருத்தி மென்மையாக்கி வெளியிட்டிருக்கலாம். அது செய்யாது கையெழுத்துப் படியை மேசையுட் பூட்டி வைத்தார்.

1677-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 21-ஆம் நாள், மார்பு நோயால், 44-ஆம் வயதில் இறந்தார். அம்மேசை ஆம்ஸ்டர்டாம் பதிப்பாளரிடம் அனுப்பப்பட்டது. அவ்வாண்டிலேயே நண்பர்கள் நூல்களை முதலெழுத்துக்கள் மட்டும் பொறித்து வெளியிட்டனர். 1678-இல் அவையும் தடைப்பட்டன. 1656-இன் விலக்கை நீக்கலாமோ என்று ஆம்ஸ்டர்டாம் யூதர் 2015-இல் அவைகூட்டி ஆராய்ந்தனர்; நீக்கினாரல்லர்.